கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வீடு

ஆனையூரில் நாங்கள் இருந்த வீட்டை விளையாட்டுக் கட்டைகளில் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஐம்பது வயதில் இதுதான் என் பொழுதுபோக்கு. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கத்தரிப்பூ நிறம்தான் அடிக்க வேண்டும் என்று என் மனைவி செல்வி ஒற்றைக்காலில் நின்றாள். இப்போது செல்வி இல்லை. வீட்டை வாங்கியவர்கள் வெள்ளை அடித்துவிட்டார்கள்.

கட்டை வீட்டில் அடுப்படிச் சுவர் மட்டும் பாக்கி இருந்தது. கே.கே. நகர் கடையில் சொல்லிவைத்த கட்டைகள் இன்று வந்துவிட்டன. கடையிலேயே பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே அத்தனையும் அடர் ஊதா.

கடைக்காரப் பெண் தலையில் கை வைத்துவிட்டார். "ஐயோ அண்ணே, கத்தரிக்கா கலருன்னு நெனச்சிட்டேன். மாத்தித் தாரேன்."

அன்றைக்கு எங்கள் பெயிண்டரும் அடுப்படிச் சுவரில் இதே தப்பைத்தான் செய்தார், இதையேதான் சொன்னார். எல்லாச் சுவரையும் சரியாகக் கட்டும் மும்முரத்தில் அதை எப்படி மறந்தேன்?

"விடுங்கண்ணே, பூவும் காயும் ஒரே செடிதான" என்று அன்று செல்வி பெயிண்டரை அனுப்பிவைத்தாள். அவர் தலை மறைந்ததும் என் பக்கம் திரும்பினாள். "பக்கத்துலயே நின்னு என்னத்தப் பாத்தீக?"

"மாத்த வேணாம்மா, இதுதான் சரி" என்று கடைக்காரப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கி வந்தேன்.

சுவர் முடிந்துவிட்டது. அடுப்படியில் நிறுத்த ஒரு பொம்மை வேண்டும். கடையில் இருப்பவையெல்லாம் சிரிக்கின்றன. என்னை முறைக்கிற மாதிரி ஒன்று யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.