சாரம் விற்ற ராகம்

என் அக்காவான ராத்தாவின் நிக்காஹ் அன்று பள்ளிவாசலில் வாப்பா இருந்தார், அவருடைய தம்பியான சாச்சா இருந்தார், மாப்பிள்ளை வீட்டார் இருபது பேர் இருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியவாப்பா மட்டும் வரவில்லை. கலியாண நாளை இரண்டு தடவை தள்ளிப்போட்டதில் அவருக்குக் கோபம்.

தள்ளிப்போடச் சொன்னது ராத்தா. பக்கவாதத்தில் வாப்பாவின் வலக்கையும் பேச்சும் போயிருந்தன. பெண்ணின் பெயரைச் சொல்லி நிக்காஹ் செய்துகொடுக்க வேண்டியவரோ வாப்பாதான்.

"காக்கா தலையாட்டினாப் போதும், நான் சொல்றன்" என்றார் சாச்சா, தன் அண்ணனைக் காட்டி.

"வாப்பாட வாயால வராட்டி எனக்குக் கலியாணமே வேணா" என்று ராத்தா கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்குப் பத்து வயது. அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பாவுக்குப் பெயர் சொல்லப் பழக்குவது என் வேலை. அல்ஹம்து சூறாவைத் தடங்கலில்லாமல் ஓதுவார்; தண்ணீர் கேட்க வாய் வராது. ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஓத ஏலும், புள்ளட பேர் சொல்ல ஏலாதா? நடிக்கிறீங்க வாப்பா."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த மிஸ்தான் வழி சொன்னார்: "ராகம் வருதுதானே, அதுல பேரைப் போட்டுப் பாருங்க."

"ஓதுற ராகத்திலயா? அல்லாஹ்வே!" உம்மா பதறினார்.

வாப்பாவிடம் இன்னொரு ராகமும் இருந்தது. சைக்கிளில் மூட்டை கட்டி வீரமுனை வரைக்கும் ஆண்கள் இடுப்பில் உடுத்தும் சாரம் விற்றவர் அவர். "சாரமே... கைத்தறிச் சாரமே..." என்று நான் கூவினேன். கூடவே கூவினார், இடக்கை தொடையில் தாளம் போட்டது. சாரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ராத்தாவின் பெயரை வைத்தோம். வாரக்கணக்கில் கூவியபின் பெயர் வந்தது, ஆனால் ராகத்தோடு மட்டும்.

நிக்காஹ் அன்று மௌலவி வாசகத்தைத் துண்டுதுண்டாகச் சொல்லிக்கொடுக்க, வாப்பா திக்கித்திக்கிப் பின்தொடர்ந்தார். பெயரில் நின்றுவிட்டார். சாச்சா வாயைத் திறந்தார். அதற்குள் வாப்பாவின் இடக்கை தொடையில் தட்டியது. தெருவில் கூவிய அதே இழுப்பில், பள்ளிவாசல் முழுக்கக் கேட்க, ராத்தாவின் பெயர்.

"மச்சான், என்ன விலையாம்?" பின்வரிசையில் யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். வாப்பாவும் சிரித்தார். ராத்தாவைச் சாரம்போல விற்றுவிட்டாரே என்ற வெட்கத்தில் நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சிரிப்பார்கள் என்று தெரிந்துதான் அவர் கூவினார் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

இரண்டு தடவை தள்ளிப்போட்டதில் பந்தலுக்கும் சமையலுக்கும் கொடுத்த முற்பணம் திரும்பி வரவேயில்லை. பின்வரிசைக்காரர் கேட்ட விலை, நாற்பத்திரண்டாயிரம் ரூபாய்.