விடை இருபத்துநான்கு

எங்கள் பள்ளியின் கணித ஆசிரியருக்கு ‘அடிஸ்கேல்’ என்று பெயர் சூட்டியவர்கள் மாணவர்கள் அல்லர்; சக ஆசிரியர்களாகிய நாங்களே. வளைந்து கொடுப்பது அவர் இயல்பில் இல்லை. விடைக்கு அடியில் இரட்டைக் கோடு இடாத தாளை, விடை சரியாகவே இருந்தாலும், செருப்போடு உள்ளே வந்துவிட்ட விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

ஆறாம் வகுப்பு என்றால் அவருக்கு உயிர். மற்ற வகுப்புகளைச் சம்பளத்திற்காகவும், அந்த ஒன்றை மனநிறைவிற்காகவும் நடத்துவதாக அவரே சொல்வதுண்டு. அதற்குத்தான் ஆபத்து வந்தது.

பிள்ளைகள் சொந்தமாகச் சிந்திக்க வேண்டுமானால் அதற்கு முதலில் ஆசிரியர்கள் பழக வேண்டும் என்று தலைமையாசிரியை முடிவு செய்திருந்தார். சனிக்கிழமைதோறும் ஒருவர் பாடம் நடத்துவார். மற்றவர்கள் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க அமர்ந்து மாணவர்களாவோம். முடிந்ததும் நடத்தியவரே முதலில் தம் குறையைச் சொல்ல வேண்டும் என்பது விதி. அடிஸ்கேலின் முறை வந்தபோது தலைமையாசிரியை ஒளிவுமறைவு வைக்கவில்லை.

“சார், இன்னைக்கு நீங்க நடத்துறதைப் பாத்துட்டுத்தான் அடுத்த வருஷம் ஆறாம் வகுப்புக் கணக்கு உங்களுக்கா, அறிவியல் டீச்சருக்கான்னு சொல்லுவேன்.”

அவர் கரும்பலகையில் 24 என்று எழுதினார்.

“இது விடை. கேள்வி என்னவா இருக்கலாம்? யார் வேணாலும், எப்படி வேணாலும் யோசிக்கலாம்.”

நாங்கள் அசந்துபோனோம். அறிவியல் டீச்சர் கையைத் தூக்கினார்.

“முப்பதுல ஆறு போனா?”

“தப்பு.”

“ஏன் சார்? சரியாத்தானே வருது?”

“வருது. ஆனா நான் நினைச்சது பெருக்கல்.”

“அப்போ மூவெட்டு?”

“தப்பு. நான் நினைச்சது நாலாறு.”

எப்படி வேண்டுமானாலும் யோசிக்கச் சொன்னவர், யோசித்து முடித்த ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அது நல்ல சகுனம் அன்று.

கடைசி பெஞ்சிலிருந்து தமிழ் டீச்சர் எழுந்தார். “சார், ஒரு நாளைக்கு நீங்க எத்தனை மணி நேரம் அடுத்தவங்க தப்பைத் திருத்துவீங்க?”

சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று. அடிஸ்கேல் கோபப்படவில்லை. அதையும் ஒரு கணக்காகவே எடுத்துக்கொண்டார்.

“தூங்குற நேரத்தைக் கழிக்கணும்மா. பதினேழுதான் வரும்.”

“தூக்கத்துலயும் திருத்துறீங்கன்னு உங்க வீட்டு அக்கா போன்ல புலம்பினாங்களே சார்.”

அவர் யோசித்தார். கணக்கு என்று வந்துவிட்டால் தமக்கு எதிராகவும் பொய் சொல்லாத மனிதர்.

“அப்படின்னா சரிதான். இருபத்துநாலு வருது,” என்று அந்தக் கேள்வியைப் பலகையில் எழுதி, பக்கத்தில் சரிக்குறியும் இட்டார்.

அதன்பின் வகுப்பு சந்தையாயிற்று. “என் தலை நிறைய முடி இருந்த கடைசி வயசு எது?” என்றார் உடற்பயிற்சி ஆசிரியர். அடிஸ்கேல், “சாட்சி இருக்கா?” என்று கேட்டுவிட்டு அதற்கும் சரிக்குறி இட்டார்.

பாடம் முடிந்தது. விதிப்படி அவரே முதலில் பேசினார். “கேள்வி கேட்டது நான். பதிலைக் கொண்டு வந்ததும் நான். அப்புறம் உங்களை எல்லாம் எதுக்கு உட்கார வச்சேன்னுதான் தெரியலை.”

தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “ஆறாம் வகுப்பு உங்களுக்குத்தான் சார். ஆனா அங்க ‘தப்பு’ன்னு மட்டும் சொல்லாதீங்க. எப்படி வந்துச்சுன்னு கேளுங்க.”

தலைமையாசிரியை சொன்னபடியே அவர் நடந்துகொண்டார். ஆனால் பல்லாண்டுப் பழக்கம் லேசில் விடுமா? பிள்ளைகள் எதையாவது சொன்னவுடன் ‘தப்பு’ என்ற சொல் தொண்டைவரை வரும், அங்கே இருமலாக மாறும், பிறகுதான், “அது எப்படிப்பா வந்துச்சு?” என்ற கேள்வி பிறக்கும்.

அவருக்கு அந்த வகுப்பில் மட்டும் இருமல் வருவதைக் கவனித்த அலுவலக உதவியாளர் கவலைப்பட்டு, ஒரு பிளாஸ்க் வெந்நீரை அவர் மேசையிலேயே கொண்டுவந்து வைத்தார். அவரும் காரணம் சொல்லாமல் ஊற்றிக் குடித்தார்.