நோட்டில் இருந்த 'மூ'

கோட்டுக் கடை கட்டிங் மாஸ்டருக்கு ஒரு பழக்கம். வந்த ஆள் கத்த ஆரம்பித்தால் நாலு குண்டூசியை எடுத்து உதட்டில் இடுக்கிக்கொள்வார். ஊசி இருக்கும்போது எதிர்த்துப் பேச முடியாது, பேசினால் தொண்டைக்குள் போய்விடும். வாய்க்குப் பூட்டுப் போட்டாயிற்று, இனி கண்ணுக்குத்தானே வேலை? இந்த ஆள் எதற்கு இப்படிக் குதிக்கிறான் என்று பார்த்துக்கொண்டு நிற்பார். கோபத்தில் ஒருத்தனுக்குக் காது சிவக்கும், இன்னொருத்தனுக்கு மூக்கு நுனி ஆடும். அதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு ருசி.

அன்றைக்கு நாலு ஊசி போதவில்லை. வந்தவர் தலைமை ஆசிரியர். சாயங்காலம் அவருக்குப் பள்ளிக்கூடத்தில் வழியனுப்பு விழா. புதுக் கோட்டோ தொப்பையைத் தாண்ட மாட்டேன் என்கிறது. பொத்தானுக்கும் காஜாவுக்கும் நடுவில் மூணு விரல் இடைவெளி.

"கண்ணாய்யா அது, புண்ணா? அளவு எடுத்தியா, குத்துமதிப்பா வெட்டினியா?"

"மெதுவாப் பேசுங்களேன்," என்றார் அவர் மனைவி.

"நீ சும்மா இரு. இவனையெல்லாம் என் பள்ளிக்கூடத்துல பெஞ்சு மேல ஏத்தி நிறுத்தியிருப்பேன்!"

சத்தம் கேட்டு முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். இன்னொரு புகார் வந்தால் கட்டிங் மேஜை கிடையாது, பொத்தான் தைக்கிற பின்கட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று போன மாதம்தான் மாஸ்டரிடம் சொல்லியிருந்தார். இருபது வருஷம் கத்தரிக்கோல் பிடித்த கை.

அப்போதும் மாஸ்டருக்குக் கண் வாத்தியார் வயிற்றின் மேல்தான். கத்தும்போது முன்னால் வருகிறது. கண்ணாடிப் பக்கம் திரும்பினால் உள்ளே ஓடிவிடுகிறது. யாருக்குப் பயந்து ஓடுகிறது?

முதலாளி அளவு நோட்டைப் புரட்டினார். வயிறு 40. பக்கத்தில் பொடியாக ஒரு 'மூ'.

"என்னய்யா இது, மூ?"

மூச்சு. அளவு எடுக்கும்போது மூச்சைப் பிடித்து வயிற்றை ஒளிக்கிறவர்களுக்கு மாஸ்டர் போடும் குறி. பேச வைத்தால் மூச்சு இறங்கும் என்று அன்றைக்கு, "என்ன பாடம் சார் நடத்துறீங்க?" என்று கேட்டும் பார்த்தார். மனுஷன் "கணக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு மறுபடி இழுத்துக்கொண்டார். சரி, ட்ரயலில் பார்த்துக்கொள்ளலாம் என்று துணியைத் தாராளமாய் உள்ளே மடித்து வைத்தார். ஆள் ட்ரயலுக்கே வரவில்லை.

சொன்னால் மாஸ்டர் தப்பிப்பார். அந்த அம்மா முன்னால் வாத்தியார் மானம் போகும். மாஸ்டர் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"மூணுங்க. மூணு அங்குலம் உள்ள விட்டிருக்கேன். அரை மணியில பிரிச்சுத் தைச்சுடலாம்."

"விட்டு வெச்சவன் முன்னாடியே பிரிச்சா என்ன? முடிச்சுட்டு மேல வா, பேசணும்," என்றார் முதலாளி.

அரை மணியில் ட்ரயல் அறைக்குள் பொத்தான் காஜாவில் ஏறியது. இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

"அந்த மூ, மூணு இல்லையே?" என்றார் வாத்தியார். "மத்ததெல்லாம் எண்ணாத்தானே எழுதியிருக்க. இது மட்டும் என்ன எழுத்து?"

கணக்கு வாத்தியாரிடம் மாட்டிக்கொண்டாயிற்று. "மூச்சுங்க."

வாத்தியார் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டருக்கு அடக்க முடியவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா? கோட்டுக்கு இவ்வளவு சத்தம் எதுக்குங்க?"

"நாளையிலேர்ந்து நான் சத்தம் போட்டா எழுந்து நிக்க ஒருத்தனும் இல்லய்யா. கடைசி நாளாச்சே, மிச்சம் இருந்ததையெல்லாம் உன் தலையில கொட்டிட்டேன்."

வெளியே வந்தவர் நேராக முதலாளியிடம் போனார். "தப்பு என்னுது. அளவு எடுக்கறப்ப மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ட்ரயலுக்கும் வரல. அதுக்குத்தான் 'மூ'ன்னு எழுதியிருக்கார்."

"கல்யாண போட்டோலயும் இப்படித்தான் நின்னார்!" என்று அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

முதலாளி சிரிக்கவில்லை. அவர்கள் படியிறங்கும்வரை பொறுத்திருந்தார்.

"மேல வர வேணாம். போய் உன் மேஜையப் பாரு."

நோட்டை மட்டும் திருப்பித் தரவில்லை. பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "யோவ், என் அளவு இதுல எந்தப் பக்கம்யா?"

மாஸ்டர் எதிரிலேயே கிடந்த கத்தரிக்கோலைக் காணோமென்று தேட ஆரம்பித்தார்.