சிவப்பு லைட் எரிந்தால் லைட் இல்லை: கொட்டாஞ்சேனைக்கு ஒரு தொலைபேசிப் பயணம்

போன மாதம் ஒரு தொலைபேசியைத் திருத்துவதற்காக மன்னாரிலிருந்து கொழும்புக்குப் போய்வந்தேன். கேட்டால் சிரிப்பீர்கள், என் வீட்டுக்காரரும் சிரித்தார். ஆனால் கொழும்பில் சொந்தக்காரர் இருக்கிற, அவர்கள் வீட்டுப் பழைய லைனை ஃபைபருக்கு மாற்றுகிற காலம் வந்திருக்கிற எல்லாருக்கும் இது உதவும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் அக்கா கொட்டாஞ்சேனையில் இருக்கிறா. அத்தான் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர், வயது ஐம்பத்தெட்டு. மூன்று வருடமாக இரண்டு கண்ணும் புகை மூடியதுபோல் மங்கிப் போய்விட்டது. யாராவது இறந்தபின் தானமாகக் கொடுத்த கண் கிடைத்தால் மாற்றலாம் என்று ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து வைத்திருக்கிறார்கள். கண் வந்தால் உடனே கூப்பிடுவார்கள், உடனே போகவேண்டும். கூப்பிடுவதற்கு ஃபைலில் எழுதியிருப்பது வீட்டு லேண்ட்லைன் நம்பர். அக்கா காலை எட்டரைக்கு மருதானையில் தையல் கடைக்குப் போனால் மாலை ஐந்தரை வரை அத்தான் தனியே. ஸ்மார்ட்போனில் எங்கே விரலை இழுப்பது என்று அவருக்குத் தெரியாது. மணி அடித்தால் ரிசீவரைத் தூக்குவார், அவ்வளவுதான்.

அந்தத் தொலைபேசிதான் பதினொரு நாளாகச் செத்துக் கிடந்தது. செம்புக் கம்பி லைனை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டிருந்தார்கள். நம்பர் அதேதான், பெட்டி மட்டும் புதிது. முதல் இரண்டு நாள் நன்றாக வேலை செய்ததாம், பிறகு மூச்சுப் பேச்சில்லை. அக்கா இரண்டு தரம் முறைப்பாடு கொடுத்தும் ஒருவரும் வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

காலை ஆறரைக்கு மன்னாரில் பஸ் ஏறினேன், டிக்கெட் 1,280 ரூபாய். பிற்பகல் இரண்டே முக்காலுக்குப் புறக்கோட்டையில் இறங்கினேன். ஏசி இல்லாத பஸ், ஜன்னலோரம் பிடித்தால் சமாளிக்கலாம். அக்கா வீட்டில் எனக்குப் படுக்க இடமில்லை. வழக்கம்போல வெள்ளவத்தையில் அறை எடுத்தேன், ஒரு நாளைக்கு 4,500. கடல் தெரியும் என்றார்கள். கழுத்தை வெளியே நீட்டினால் தெரிந்தது.

அடுத்த நாள் காலை எட்டரைக்கே வெள்ளவத்தையில் இருக்கிற தொலைபேசிக் கம்பனியின் கிளையில் போய் நின்றேன். கவுண்டரில் இருந்த சிங்களப் பிள்ளை நல்லாகத் தமிழ் கதைத்தா. கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அக்கா, ரெண்டு கம்ப்ளெயின்டும் குளோஸ் பண்ணியிருக்கு. லைட் தியெனவாத என்று கேட்டிருக்கு, தியெனவா என்று கஸ்டமர் சொல்லியிருக்கு" என்றா. லைட் இருக்கா என்று கேட்டார்களாம், இருக்கு என்று அக்கா சொன்னாவாம். லைட் இருந்தால் லைன் சரி என்று அர்த்தமாம்.

நான் அத்தானின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். சண்டை பிடிக்கத்தான் போனேன், சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளை பேனையைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டா. பிறகு யாருக்கோ போன் எடுத்து, "மல்லி, மத்தியானத்துக்கு முன்னே போகவேணும், ஹரித?" என்றா. மல்லி என்றால் தம்பி, ஹரித என்றால் சரியா. அவவுக்கு இந்தப் பதிவின் மூலம் ஒரு பெரிய நன்றி.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு 155 பஸ் இருக்கிறது. மருதானையைத் தாண்டிப் போகும், மலிவு, ஆனால் ஒன்றேகால் மணித்தியாலம் எடுக்கும். அன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை. முச்சக்கரவண்டியில் 780 ரூபாய், பத்துக் கிலோமீட்டர் சொச்சம், நாற்பது நிமிடம்.

அக்கா லீவு போட்டுவிட்டு இருந்தா. பதினொன்றரைக்கு டெக்னீஷியன் வந்தார். பெயர் சசி, சொந்த ஊர் ஹட்டன். வாசலிலேயே, "லைட் இருக்குங்களா மிஸ்?" என்று கேட்டார்.

"இருக்குத் தம்பி. ஒரு நாளும் அணையேல்ல. லைட் பில்லும் கட்டித்தான் இருக்கு" என்று அக்கா பெருமையாகப் பெட்டியைக் காட்டினா. அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

சசி சிரிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம். "மிஸ், நாங்க லைட்டுன்னு சொல்றது வயருக்குள்ள வர்ற வெளிச்சத்தைங்க. அது வரலைன்னாத்தான் இந்தச் சிவப்பு எரியும். சிவப்பு லைட் எரிஞ்சா லைட் இல்லை."

அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இந்த ஊரில் லைட் என்றால் கரண்ட். விளக்கு எரிந்தால் லைட் இருக்கு, பில் கட்டாவிட்டால் லைட் இல்லை. பிழை பிடிக்க ஒருவரும் இல்லை, கேட்டவரும் சரி, சொன்னவரும் சரி. பதினொரு நாள் போனது அந்த ஒரு சொல்லில்தான்.

வெளிச்சம் ஏன் வரவில்லை என்பதும் உடனே தெரிந்துவிட்டது. புது வயர் தொங்கினால் வீட்டுக்கு அழகில்லை என்று அக்கா அதை மாதா படத்துக்குக் கீழே ஒரு ஆணியில் இறுக்கிச் சுற்றி, ரப்பர் பேண்டும் போட்டிருந்தா. பழைய டெலிபோன் வயரை எல்லா வீட்டிலும் அப்படித்தான் சுற்றி வைப்பார்கள். ஃபைபருக்குள்ளே இருப்பது முடி போன்ற கண்ணாடி. மடித்தால் வெளிச்சம் வெளியே கசிந்துவிடும், இன்னும் இறுக்கினால் உடையும். உடைந்தே இருந்தது. சசி அந்த இடத்தை வெட்டி, புது முனை போட்டு, அளக்கிற கருவியை வைத்துப் பார்த்தார். இருபது நிமிட வேலை. அத்தான் ரிசீவரைக் காதில் வைத்துவிட்டு, "சத்தம் கேக்குது" என்றார். கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

சசி பையைக் கட்டும்போது அவருடைய மொபைல் அடித்தது. கதைத்துவிட்டு, "மருதானைல ரோடு தோண்டினவங்க பெரிய கேபிளையே வெட்டிட்டாங்க" என்றார். அப்போ இதுவும் போச்சா?

"தூக்கிக் கேட்டுப் பாருங்க" என்றார். கேட்டேன். சத்தம் அப்படியே இருந்தது. பிளேன்டீ குடித்தபடி அவர் விளக்கினார், எனக்கு விளங்கிய அளவுக்கு எழுதுகிறேன்.

"முந்தி உங்களுக்குன்னு ஒரு செம்புக் கம்பி எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் தனியாப் போகும். அறுந்தா முடிஞ்சுது. இப்ப உங்க குரலும் இன்டர்நெட் மாதிரித் துண்டு துண்டாத்தான் போகுது, எந்தப் பாதையால போனாலும் சரி. பெரிய கேபிள்ல வெளிச்சத்துலயே பல நிறம், ஒவ்வொரு நிறமும் ஒரு பாதை. முந்தி எல்லாப் பாதையும் ஒரே அகலம். ஒண்ணு காலியாக் கெடந்தாலும் மத்ததுக்குக் குடுக்க ஏலாது. இப்ப அகலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், எல்லாம் கம்ப்யூட்டர்லயே. மருதானைல அறுந்ததும் கொலன்னாவைப் பக்கமாப் போறதை அகலமாக்கி அதுல அனுப்பிட்டாங்க."

"ராஜகிரிய ரோட்டில காலையில நெரிசலுக்கு ஒரு லேனைக் கூடுதலாத் திறந்து விடுறமாதிரியோ?" என்று கேட்டேன்.

"அதேதாங்க. ஆனா பொலிஸ்காரர் வந்து கூம்பு தூக்கி வைக்கத் தேவையில்லை." பிறகு, "உங்க வாசல்ல அறுந்தா மட்டும் வேற பாதை இல்லை, நான்தான் வரணும்" என்று சொல்லிவிட்டு மருதானைக்கு ஓடினார். காசு ஒன்றும் வாங்கவில்லை.

அடுத்த நாள் அக்கா வேலைக்குப் போய்விட்டா. மருதானையில் இன்னும் கேபிளை ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று காலையில் போன் எடுத்துச் சொல்லியிருந்தா. நான் அத்தானோடு இருந்தேன். பத்து இருபதுக்கு மணி அடித்தது. அத்தான் எழும்பி, சுவரைத் தொடாமல் நேரே போய் எடுத்தார். சிங்களத்தில் கதைத்தார். "ஹரி மிஸ், ஹரி" என்றார். ரிசீவரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆஸ்பத்திரி. போன புதன்கிழமை ரெண்டு தரம் எடுத்தவையாம், லைன் கிடைக்கேல்லையாம். அந்தக் கண்ணை லிஸ்டில அடுத்த ஆளுக்கு வைச்சிட்டினமாம்."

ஒரு சொல், ஒரு ரப்பர் பேண்ட். யாரைத் திட்டுவது?

"பொறு, பொறு" என்றார். "இப்ப இன்னொன்று வந்திருக்காம். நாளைக் காலமை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோட வரட்டாம்."

நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. சின்ன வேலைக்கென்று மூன்று நாளுக்குப் போனவள், பன்னிரண்டு நாள் நின்றுவிட்டேன். அன்று பின்னேரம், கண் நோய்க்கு எல்லாரும் வேண்டிக்கொள்கிற புனித லூசியம்மாவின் கோவிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினேன். வெட்டின கேபிளுக்குப் பக்கத்தால் அந்த அழைப்பைச் சுற்றி அனுப்பிய, முகம் தெரியாத கம்ப்யூட்டர்காரருக்கும் சேர்த்து ஒன்று.

இனி, ஃபைபருக்கு மாற இருப்பவர்களுக்கு. வீட்டு நம்பர் மாறாது என்று எழுத்தில் வாங்குங்கள். வயரைச் சாப்பாட்டுத் தட்டு அளவு வளையமாக விடுங்கள், ஆணியில் சுற்றாதீர்கள். முறைப்பாடு சொல்லும்போது லைட் இருக்கு, இல்லை என்று சொல்லாமல் என்ன நிறம் எரிகிறது என்று சொல்லுங்கள். முக்கியமானது: பழைய போன் கரண்ட் போனாலும் அடிக்கும், ஃபைபர் பெட்டி அடிக்காது. அதற்கென்று சின்ன பேட்டரி இருக்கிறது, வெள்ளவத்தையில் 7,200 கொடுத்து வாங்கினேன், மூன்று மணித்தியாலம் தாங்கும். ஆஸ்பத்திரி ஃபைலில் எப்போதும் இரண்டு நம்பர் எழுதுங்கள். நாங்கள் இப்போது நான்கு எழுதியிருக்கிறோம்.

முதலில் வலது கண்ணைத்தான் மாற்றினார்கள். மறைப்பை எடுத்த அன்று அக்காவும் நானும் பக்கத்தில் நின்றோம். முதல் நாள் ஒன்றும் தெளிவாகத் தெரியாது, உருவங்கள்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். புதன்கிழமை கிடைக்காமல் போன அழைப்பைப் பற்றி அத்தான் அதுவரை அக்காவிடம் சொல்லவில்லை, அப்போதுதான் சொன்னார். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதா, எல்லாம் தன்னால்தான் என்று. அத்தான் அவவின் கையைத் தேடவில்லை, பார்த்து எடுத்தார்.

"அழாதை" என்றார். "அந்தக் கண் கிடைச்ச ஆள் எனக்கு ஒரு கிழமை முந்திப் பார்க்கத் தொடங்கியிருப்பான். அவனுக்கும் வீட்டில ஒருத்தி காத்துக்கொண்டு இருந்திருப்பாள்தானே."