அமாவாசைக்கு லீவு இல்லை

ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் இரண்டு வாரம் பகல் ஷிஃப்ட், இரண்டு வாரம் நைட் ஷிஃப்ட். ஒருநாள் நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் பஸ்ஸில் திரும்பும்போது, மேற்கே வெளுத்துப்போய் நிலா நின்றது.

"நிலா இன்னும் வீட்டுக்குப் போவலியாண்ணே?" என்றான் என் அறையில் தங்கியிருந்த திருநெல்வேலிக்காரன்.

தூக்கக் கலக்கத்தில் எனக்கு எரிச்சல். நிலா பகலிலும் தெரியும், அங்கே விடிந்தால் ஏறக்குறைய இரண்டு வாரம் பகல், அப்புறம் இரண்டு வாரம் ராத்திரி என்று பாடம் எடுத்தேன்.

"அப்போ நம்ம கம்பெனி மாதிரிதான். அமாவாசைக்கு லீவாண்ணே?"

"லீவும் இல்ல, ஒண்ணும் இல்ல! நிலா எப்பவும் ஒரே பக்கத்ததான் நமக்குக் காட்டும். அமாவாசையன்னிக்கு வெயில் மறுபக்கத்துல அடிக்குது. அதான் நமக்குத் தெரியல. புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சிட்டுண்ணே."

அடுத்த வாரம் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மட்டம் போட்டேன். மறுநாள் லைனுக்குள் நுழைந்ததும் சூப்பர்வைசர் மறித்தார்.

"இன்னாபா, நேத்து நீ லீவு இல்லியாமே? மறுபக்கத்துல வேல பாத்துகினு இருந்தியாம், உன் ரூம்காரன் சொல்றான். அங்க எத்தினி பீஸ் போட்ட?"