மெஷினுக்கு ஒரு பேட்டரி

ஆக்சிஜன் மெஷின் வீட்டுக்கு வந்ததிலிருந்து அஜீஸுன்னிசா பேகம்பூரைத் தாண்டி எங்கும் போனதில்லை. அவள் கணவர் முகமது பாரூக் தோல் பதனிடும் ஷாப்பில் காலமெல்லாம் வேலை பார்த்து நுரையீரல் கெட்டுப்போனவர். மூக்கில் குழாயோடு கட்டிலிலேயே இருந்தார். கரண்ட் போனால் மெஷின் கூவ ஆரம்பிக்கும். உடனே குழாயைப் பிடுங்கி சிலிண்டரில் மாட்டி வால்வைத் திறக்க வேண்டும். அவருடைய நடுங்கும் கைக்கு அந்த வால்வு மசியாது. குளிக்கப் போனால்கூட அவள் கதவைத் தாழ் போடுவதில்லை.

ஷார்ஜாவில் இருக்கும் மகன் மன்சூர் மொட்டை மாடியில் சோலார் போட ஏற்பாடு செய்தான். இனி கரண்ட் போனாலும் கவலையில்லை என்று அவள் நம்பினாள். ஒருநாள் காலை, மீன் வாங்கத் தானே கடைக்குப் போனாள். கடையில் ஃபேன் நின்றது. அவள் பதறவில்லை. மேலே நல்ல வெயில்தானே என்று சாவகாசமாக மீனை ஆய்ந்து வாங்கிக்கொண்டு திரும்பினாள். தெருவில் வரும்போதே மெஷின் கூவுவது கேட்டது. பாரூக் கட்டில் விளிம்பைப் பிடித்தபடி குனிந்து கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. சிலிண்டரை மாட்டி, அவர் மூச்சு நிதானப்பட்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

சோலார் மாட்டிய வேலுசாமியை வரச் சொன்னாள்.

"லைன்ல கரண்ட் இல்லேன்னா சோலாரும் தானா நின்னுரும்மா. இல்லேன்னா போஸ்ட்ல ஏறி வேலை பாக்குற ஆளுக்கு ஷாக் அடிச்சிரும். கரண்ட் இல்லாதப்பவும் ஓடணும்னா பேட்டரி வேணும். தம்பிகிட்ட அப்பவே சொன்னேன், பெறகு பாத்துக்கலாம்னாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாய்யா?"

பேட்டரி விலையை விசாரித்துச் சொல்வதாக வேலுசாமி கிளம்பினார்.

அன்று மன்சூரிடம் அவள் கோபமாகப் பேசினாள். அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டு, "பேட்டரி பெருசாவே போட்டுருவோம்மா. ஏசி, ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாமே ஓடட்டும்" என்றான்.

அவளுக்கு அது சரியாகப் படவில்லை. வேலுசாமியிடம் ஒன்றையேதான் திரும்பத் திரும்பக் கேட்டாள்: "மெஷின் மட்டும் எம்புட்டு நேரம் ஓடும்?" ஏசி, மோட்டார் எதுவும் சேராவிட்டால் பகல் முழுக்க ஓடும் என்றார் அவர்.

தண்ணீர் ஊற்றும் பழைய வகை பேட்டரி எங்கும் கிடைக்கும். ஆனால் சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடும், சார்ஜ் ஏறும்போது வாயு வரும், காற்றோட்டமான இடம் வேண்டும். அந்த வீட்டில் நிழலும் காற்றும் சேர்ந்த இடம் பாரூக்கின் ஜன்னலோரம்தான். அவர் பக்கத்தில் அதை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. லித்தியம் பேட்டரியை வாசல் நடைச் சுவரில் மாட்டிவிடலாம். அதற்கு, சோலாரோடு மாட்டிய இன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டும்.

"லித்தியமே போடுங்க. மெஷினு, ஒரு ஃபேனு, ஒரு லைட்டு. வேற எதையும் அதுல கொடுக்காதீங்க."

"ஏசி வேணாமாம்மா? பாய்க்கு வேக்காடா இருக்குமே."

"வேக்காட்டைத் தாங்கிக்கலாம்யா."

மாட்டி முடித்ததும் மெயினை அணைக்கச் சொன்னாள். மெஷின் நிற்கவில்லை. பகல் முழுக்க அப்படியே ஓடவிட்டு, வேலுசாமி திரும்பி வரும்வரை கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

வத்தலக்குண்டில் இருக்கும் தங்கை ரிஃபாத்துக்குப் பேரன் பிறந்திருந்தான். பாரூக்தான், "போயிட்டு வா" என்று விரட்டினார். பஸ் ஏறிச் செத்த நேரத்திலேயே ஊரில் கரண்ட் போய்விட்டது. பேட்டரியில் எத்தனை சதவீதம் சார்ஜ் இருக்கிறது என்று அவள் போனிலேயே பார்க்க மன்சூர் வழி செய்திருந்தான். அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே போனைப் பார்த்தாள். தொண்ணூற்றாறு. தொண்ணூற்றிரண்டு. மேகம் மூடியதும் எண்பத்தைந்து. குழந்தையின் முகம் யார் சாயல் என்று ரிஃபாத் கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"சாப்பிட்டாவது போக்கா" என்று தங்கை கையைப் பிடித்தாள். நில்லாமல் கிளம்பிவிட்டாள்.

வீட்டில் பாரூக் கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மெஷின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"அதுக்குள்ள ஏன் வந்த?"

"கரண்ட் போயிருச்சே."

"எனக்கு ஒண்ணும் ஆகல. ஒனக்குத்தான் மூச்சு வாங்குது. உக்காரு."

அவள் உட்காரவில்லை. நடைக்குப் போய் பேட்டரியின் மேல் கை வைத்துப் பார்த்தாள். லேசான சூடு இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது அவள் பஜாருக்குப் போகிறாள். வெள்ளிக்கிழமை அத்தர் வாங்கி வருகிறாள். போனைப் பார்ப்பது கொஞ்சம் குறைந்திருக்கிறது. வெளியூரில் இன்னும் ஒருநாள்கூடத் தங்கவில்லை. தங்கைதான் பேரனைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து போகிறாள்.