பூமி பூஜைக்கு வந்து நின்றவர்

அமெரிக்காவில், பே ஏரியாவில் நாங்கள் வாங்கிய மனையில் பூமி பூஜை. வேலிக்கு வெளியே ஒரு பழங்குடிப் பெண்மணி வந்து நின்றார்.

“என்ன பண்றீங்க?”

“தோண்டறதுக்கு முன்னாடி பூமித்தாய்கிட்ட பெர்மிஷன் கேக்கறோம்,” என்றாள் என் மனைவி பெருமையாக.

“கீழ புதைச்சிருக்கறது எங்க முன்னோரை. எங்ககிட்ட யாரும் கேக்கலையே?”

வெள்ளைக்கார கான்ட்ராக்டர் பாய்ந்து வந்தான். “பிரைவேட் பிராப்பர்ட்டி! போறியா, போலீஸைக் கூப்பிடவா?” என்னிடம் திரும்பிக் கண்ணடித்தான். “இவங்க தொல்லை எப்பவும் இப்படித்தான்.”

அவன் என்னையும் தன் ஆளாகச் சேர்த்துக்கொண்டதில் எனக்கு ஒரு குளிர்ச்சி. சிரித்தேன். அந்தப் பெண்மணி தரையில் காறித் துப்பிவிட்டுப் போனார்.

“முகூர்த்தம் முடியப் போறது சார்,” என்றார் சாஸ்திரிகள். மண்வெட்டியை இறக்கினேன்.

இப்போது அங்கேதான் குடியிருக்கிறோம். அமாவாசைதோறும் என் முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்து, தோட்டத்து மண்ணில் ஊற்றுகிறேன். அது யார்மேல் இறங்குகிறதென்று எனக்குத் தெரியும்.